வெயில் ஊரில் உறையும் தளம்

கொள்ளேகாலில் ஐஸ் ஹாக்கி ஆட முடியுமா? தாராளமாக. அதற்குக் குளிர் வேண்டாம், கரண்ட் வேண்டும். 1902-லேயே சிவனசமுத்திரத்திலிருந்து கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் அனுப்பிய பக்கம் இது! இல்லாதது, மைதானம் கட்டும் அளவுக்குக் கூட்டம் சேர்க்கும் ஒரு ஆட்டக்காரர்தான்.

லாஸ் ஏஞ்சலிஸுக்கு அப்படி ஒருவர் கிடைத்தார். கனடாவின் எட்மன்டன் ஆயிலர்ஸ் அணிக்கு நான்கு முறை ஸ்டான்லி கோப்பையை வாங்கித் தந்த வேய்ன் கிரெட்ஸ்கியை, 1988 ஆகஸ்ட் 9 அன்று அந்த அணி லாஸ் ஏஞ்சலிஸ் கிங்ஸுக்குக் கொடுத்துவிட்டது. பதிலுக்கு வந்ததில் ரொக்கம் மட்டும் ஒன்றரைக் கோடி டாலர். தோனியைச் சென்னை விற்றிருந்தால் இங்கே என்ன நடந்திருக்குமோ, அது கனடாவில் நடந்தது. அரசு தலையிட்டுத் தடுக்க வேண்டும் என்று ஒரு எம்.பி.யே கேட்டார். கலிபோர்னியாவிலோ 1991-ல் சான் ஹோசே, 1993-ல் அனஹைம் என்று புது அணிகள் முளைத்தன.

வெயிலில் ஐஸ் எப்படி நிற்கிறது? கான்கிரீட் தளத்துக்குள் நெருக்கமாகக் குழாய்கள் ஓடும். அவற்றில் சுற்றுவது பூஜ்யத்துக்குக் கீழேயும் உறையாத உப்புக் கரைசல். மேலே தண்ணீரை மெல்லிய படலங்களாகத் தெளித்துத் தெளித்து உறைய வைக்கிறார்கள். அத்தனை பெரிய ஆட்கள் மோதி விழும் ஐஸின் கனம் மொத்தம் ஓர் அங்குலம்தான்! சுமார் மைனஸ் 5 டிகிரியிலும் அதன் மேற்பரப்பு முழுக்கக் கெட்டிப்படுவதில்லை. உச்சி அடுக்கிலுள்ள மூலக்கூறுகளைப் பிடித்துவைக்க மேலே யாருமில்லை. அவை தளர்ந்து நீர் போலவே அசைகின்றன. வழுக்கலுக்கு அதுவும் ஒரு காரணம்.

கீறல் விழுந்த தளத்தைச் சரிசெய்ய ஊற்றுவது வெந்நீர். அது பழைய ஐஸை லேசாக இளக்கிக்கொண்டு ஒட்டும். சூட்டில் காற்று வெளியேறிவிடுவதால் குமிழியில்லாமல் இறுகும். இதைச் செய்யும் வண்டியை 1949-ல் உருவாக்கிய ஃபிராங்க் ஜாம்போனியும் கலிபோர்னியாக்காரர்தான்.

1991 செப்டம்பரில் கிங்ஸ், லாஸ் வேகாஸில் ஒரு ஹோட்டலின் கார் நிறுத்துமிடத்தில் ஐஸ் போட்டு, திறந்தவெளியில் நியூயார்க் ரேஞ்சர்ஸுடன் ஆடியது. வெப்பம் 29 டிகிரிக்கு மேல். விளக்கொளிக்கு வந்த வெட்டுக்கிளிகள் தளத்தில் விழ, ஆட்டக்காரர்கள் அவற்றுக்கு நடுவே சறுக்கினார்கள். பாலைவனத்தின் வறண்ட காற்று கைகொடுத்தது. நம் மழைக்கால ஈரக்காற்றென்றால் மூடிய அரங்கமும் ஈரம் உறிஞ்சும் இயந்திரமும் இல்லாமல் கதை நடக்காது.

லடாக்கில் நிலைமை தலைகீழ். லே நகரின் குளங்கள் குளிர்காலத்தில் தாமாகவே உறையும்; ஆனால் ஏறக்குறைய இரண்டு மாதத்துக்குத்தான். அதற்குள் கற்றது கற்றதுதான். கனடாவுக்காக நான்கு ஒலிம்பிக் தங்கம் வென்ற ஹேலி விக்கன்ஹைசர் 2018 ஜனவரியில் அங்கே வந்து பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். அதே ஆண்டு அவர்களைக் கனடாவுக்கும் அழைத்தார். லடாக் பெண்கள் நிறைந்த இந்திய அணி 2025-ல் ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்றது. போட்டி நடந்த ஊர், அமீரகத்தின் பாலைவன நகரமான அல் ஐன்.