காசு வாங்கியதைச் சொல்லிவிட்டே எழுதுங்கள்

2016 மே மாதம், அமெரிக்கத் தொலைக்காட்சிப் பிரபலம் ஸ்காட் டிசிக் 'பூட்டீ' புரோட்டீன் ஷேக்குடன் இன்ஸ்டாகிராமில் ஒரு படம் போட்டார். பானத்தைப் புகழும் வரிக்கு மேலேயே, 'மாலை நான்கு மணிக்கு, கீழே உள்ளதை எழுதவும்' என்று அவருக்கு வந்திருந்த குறிப்பும் சேர்ந்து வெளியாகிவிட்டது. வந்ததை அப்படியே காப்பி பண்ணி ஒட்டியிருந்தார் மனிதர். பிறகு திருத்தினார், அதற்குள் ஸ்கிரீன்ஷாட் உலகம் சுற்றிவிட்டது.

நம் ஊர் பெய்டு புரமோஷன்களில் பலவும் இதே ரகம்தான். ஒட்டிய தடம் வெளியே தெரிவதில்லை, அவ்வளவே. 'ஹாய் மக்களே' என்று தொடங்கும், 'வேற லெவல்' என்று முடியும். ஃபேஸ்வாஷானாலும் முறுக்கானாலும் வசனம் மாறாது. கடைக்காரர் பணம் கொடுப்பது உங்கள் பேச்சுக்கு. அவருடைய நோட்டீஸை வாசிக்க உங்களைப் பின்தொடர்பவர்கள் எதற்கு?

மரச்செக்குக் கடலை எண்ணெய்க்கு ஒரு பதிவு எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 'நூறு சதவீதம் இயற்கையானது, ஆரோக்கியமானது, இன்றே வாங்குங்கள்' என்று எழுதினால் கட்டைவிரல் நிற்காமல் அடுத்த பதிவுக்குத் தள்ளிவிடும். 'விளம்பரம். இந்த எண்ணெயில் வடை சுட்டால் நுரை பொங்கும். வாணலியில் கொஞ்சமாக ஊற்றுங்கள். தாளித்தால் வாசனை அடுத்த அறைவரை போகிறது' என்று எழுதிப் பாருங்கள். வாங்கிச் சமைத்தவருக்குத்தான் நுரை தெரியும். அந்தச் சின்னக் குறையைச் சொன்னதால்தான் வாசனையும் நம்பப்படுகிறது. அப்புறம் விலை, கிடைக்கும் இடம். விலையை மறைத்து 'டிஎம் பண்ணுங்க' என்பது எனக்குப் பிடிக்காத பழக்கம். வாங்க நினைத்தவரையும் அது விரட்டிவிடும்.

'விளம்பரம் என்று போட்டால் யார் பார்ப்பார்கள்?' என்ற பயம் பலருக்கு உண்டு. லார்ட் அண்ட் டெய்லர் என்ற அமெரிக்கத் துணிக்கடைக்கும் இருந்திருக்கும்போல. 2015இல் 50 ஃபேஷன் பிரபலங்களுக்கு ஒரே கவுனைக் கொடுத்து, ஆளுக்கு 1,000 முதல் 4,000 டாலர்வரை பணமும் கொடுத்து, இன்ஸ்டாகிராமில் படம் போடவைத்தது. கவுன் முழுதும் விற்றுத் தீர்ந்தது. பணம் கைமாறியதைச் சொல்லும்படி அவர்களிடம் கடை கேட்கவில்லை. மறு ஆண்டே அந்நாட்டு வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. விற்பனை ஒருமுறை நடந்தது. கடையின் பெயர் இன்றும் ஏமாற்று விளம்பரத்துக்கு உதாரணமாக நிற்கிறது.

இந்தியாவிலும் விதி தெளிவாகவே இருக்கிறது. விளம்பரத் தர நிர்ணய கவுன்சிலின் நெறிமுறை 2021 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. 'விளம்பரம்' என்ற அறிவிப்பு, 'மேலும்' என்பதைத் தொடாமலே தெரியும்படி முதல் இரண்டு வரிக்குள் இருக்க வேண்டும். தமிழ்ச் சொற்கள் நீளம். கைப்பேசித் திரையின் இரண்டு வரியில் பத்துச் சொல் தேறினாலே அதிகம். ஆகவே அறிவிப்பையே முதல் சொல்லாக்கிவிடுவது நல்லது. முப்பது ஹேஷ்டேக்குகளுக்கு நடுவே அதை ஒளித்துவைப்பது செல்லாது. 15 விநாடிக்கு உட்பட்ட வீடியோவில் குறைந்தது 3 விநாடி அது திரையில் நிற்க வேண்டும். காசு வாங்காமல் இலவசமாகப் பொருள் மட்டும் வாங்கியிருந்தாலும் சொல்லியாக வேண்டும். 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறையும் இதையொட்டியே வழிகாட்டி வெளியிட்டது.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய்வரை அபராதம். மறுபடி செய்தால் 50 லட்சம்வரை. விளம்பரங்களில் வருவதற்கே ஓராண்டுவரை தடையும் விழலாம்.

எனவே, 'விளம்பரம்னு மட்டும் போட்டுடாதீங்க' என்று பிராண்டிலிருந்து மெசேஜ் வந்தால், எவ்வளவு தருவதாகச் சொன்னாலும் அந்த வேலையை ஒப்புக்கொள்ளாதீர்கள்.