நூறு நாள் அட்டை

மாட்டுத்தாவணியில் பூ எடுத்து, வீட்டில் உட்கார்ந்து கட்டி, டவுன்ஹால் ரோட்டில் விற்கும் ஓர் அக்கா, மகளை எழுதச் சொல்லி அனுப்பிய கடிதம் இது: "பத்தாயிரம் தண்டல் எடுத்தா ஆயிரத்து ஐநூறு பிடிக்கிறாங்க. நூத்துக்குப் பதினஞ்சுதானே சார்? பேங்க் வட்டியை விட ரெண்டு மூணு ரூபா கூட, அவ்வளவுதானே?"

இல்லை அக்கா.

தண்டல் எப்படி நடக்கும் என்று மதுரையில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. கையில் வருவது 8,500. தினம் 100 ரூபாய், நூறு நாள், அட்டையில் நூறு டிக். என்னை வியக்கவைப்பது அந்த அட்டை வட்டியை ஒளித்துவைக்கும் விதம்தான்.

என் அக்கா கல்யாணத்துக்குத் திருமங்கலத்தில் இருநூறு நாற்காலியை மூன்று நாள் வாடகைக்கு எடுத்தோம். முதல் நாள் இரவே பாதியைத் திருப்பி அனுப்பிவிட்டோம். வாடகை மட்டும் இருநூறுக்கும் மூன்று நாளுக்கும் சேர்த்துத்தான் போட்டார்கள். அப்பா அந்தச் சீட்டைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார். தண்டலும் இதே கணக்குத்தான். 8,500 நூறு நாளும் உங்கள் கையில் இருப்பதில்லை. இரண்டாம் நாளே கரையத் தொடங்கி, ஐம்பதாம் நாள் பாதிக்கு வந்து, கடைசியில் ஒன்றுமில்லாமல் போகிறது. சராசரியாக உங்களிடம் இருந்தது நாலாயிரத்துச் சொச்சம். அதற்கு நூறு நாளில் 1,500 வட்டி. அதாவது மாதம் ஏறக்குறைய பத்து வட்டி. வருஷத்துக்கு நூற்றுக்கு நூற்றிருபது.

இவ்வளவு வட்டி கொடுத்தும் தொழில் எப்படி ஓடுகிறது? மல்லிகையின் குணம் அப்படி. விடிவதற்குள் மொட்டாகப் பறித்தது இரவில் விரிந்துவிடும். 2013இல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லியும் அதிக நாள் தாங்காது. காலையில் போட்ட முதல் ராத்திரிக்குள் காசாகத் திரும்பியாக வேண்டும். ஒரே பணம் நூறு நாளில் நூறு முறை புரள்கிறது. அந்தப் புரட்டலின் லாபத்தில் இருந்துதான் தினம் 15 ரூபாய் வட்டி சத்தமில்லாமல் போகிறது. கட்டுக்கூலி, வாழைநார், ஆட்டோ என்று செலவு எழுதுகிறவர்கள்கூட இந்தப் பதினைந்தை எழுதுவதில்லை. 100 ரூபாயை 'கடன் அடைக்கிறேன்' என்றே நினைக்கிறார்கள்.

2003ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் வந்த அதீத வட்டித் தடைச் சட்டம் கந்துவட்டி, மீட்டர் வட்டி இவற்றோடு தண்டலையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ஆனாலும் தண்டல்காரர் வாசலுக்கு வருகிறார், காகிதம் கேட்பதில்லை, தினசரி வரும்படிக்கு ஏற்றபடி தினசரி வசூலிக்கிறார். வங்கி மாதத்தவணை கேட்கிறது. பூக்காரர் கையில் மாதக் கடைசியில் மொத்தமாகப் பணம் நிற்குமா? தெருவோர வியாபாரிகளுக்காக 2020இல் வந்த ஸ்வநிதி திட்டத்தில் ஈடில்லாமல் முதலில் 10,000 ரூபாய் கொடுத்தார்கள், 2025இல் அதை 15,000 ஆக்கினார்கள். ஒழுங்காகக் கட்டினால் 7 சதவீத வட்டி மானியமும் உண்டு. நல்ல திட்டம். இதைக் கேட்டுப் போகிற ஒரு பெண்ணை நாலு முறை அலையவிடும் கிளையைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. அவர் திரும்பிப் போகிற வழியில் தண்டல்காரர் நிற்கிறார்.

மதுரை வட்டாரத்தில் 1990இல் தொடங்கிய களஞ்சியம் குழுக்கள் இந்தக் கடன் சிக்கலை வேறு வழியில் தீர்த்தன. பெண்கள் தாங்களே சேமித்து, தங்களுக்குள்ளேயே கடன் கொடுத்து வாங்கினார்கள். அங்கேயும் வட்டி உண்டு. அந்த வட்டி குழுவின் பானைக்கே திரும்பி வருகிறது. உங்கள் தெருவில் ஒரு குழு இருந்தால் சேருங்கள், அக்கா.

இல்லாவிட்டாலும் ஒன்று செய்யலாம். ஒரு டப்பாவில் தினம் 15 ரூபாய் போடுங்கள், அட்டையில் டிக் போடுவது போலவே. நூறாம் நாள் 1,500 இருக்கும். கிலோ 750 என்றால் இரண்டு கிலோ பூ, ஒரு நாள் கைமுதல். மறுநாள் அதே பணம்தான் திரும்பி வரப்போகிறது. தை முகூர்த்தத்தில் விலை ஆயிரங்களில் ஏறும்போது அதே காசுக்கு அரைக்கிலோதான் கிடைக்கும். அன்றைக்கு அரைக்கிலோவே எடுங்கள். அன்று முழம் விற்கிற விலையும் வேறுதானே.