மூடிய அறையில் எரியும் நெருப்பு

நுழையும்முன்

நெருப்பு மனிதனுக்கு உணவைச் சமைத்துத் தந்தது; குளிரிலிருந்து அவனைக் காத்தது. அதே நெருப்பு, காற்று நுழையாத அறையில் அவன் உயிரைப் பறிப்பதும் உண்டு. கல்விக்காகவும் தொழிலுக்காகவும் குளிர்நிலங்களுக்குச் செல்லும் தமிழர் பெருகிவரும் இக்காலத்தில், நெருப்புக்கும் காற்றுக்கும் உள்ள உறவை அறிந்துகொள்வது அனைவருக்கும் தேவையாகும்.

கரிசல் நிலமும் கரிமூட்டமும்

கோவில்பட்டியை அடுத்துள்ள இடைசெவல், கி. ராஜநாராயணன், கு. அழகிரிசாமி என்னும் இரு பெரும் எழுத்தாளர்களைத் தமிழுக்குத் தந்த சிற்றூர். அவ்வூரைச் சூழ்ந்த கரிசல்காடு மழையை எதிர்நோக்கி நிற்கும் மானாவாரி நிலம். வெயிலே மிகுந்த அந்நிலத்தில் குளிர்காய வேண்டிய தேவை மிகக் குறைவு. மார்கழி விடியலில் சருகுகளைக் கூட்டிக் கொளுத்திக் குளிர்காய்வோரும் திறந்தவெளியிலேயே காய்வர். எனினும், நெருப்பின் இயல்பை நுட்பமாக அறிந்தோர் செய்யும் தொழில் ஒன்று இக்கரிசல் வட்டாரத்தில் உண்டு. அதுவே கரிமூட்டத் தொழில்.

மழை பொய்த்த ஆண்டுகளிலும் செழித்து நிற்பது வேலிக்கருவை. அதனை வெட்டித் துண்டுகளாக்கிக் குவியலாக அடுக்குவர். வைக்கோலும் சருகும் பரப்பி, அவற்றின்மேல் மண்ணால் மூடுவர். பின்னர்ச் சிறு துளை வழியே தீ மூட்டுவர். காற்று தாராளமாக உட்புகுந்தால் விறகு கொழுந்துவிட்டு எரிந்து சாம்பலாகிவிடும். ஆதலால் துளைகளைத் திறந்தும் அடைத்தும் காற்றை அளந்து விடுவர். நாள்கணக்கில் கனன்ற பிறகு விறகு கரியாகும். காற்றின் அளவு மாறினால் நெருப்பின் செயலும் மாறும் என்பது மூட்டக்காரர்கள் தம் பட்டறிவால் கண்ட உண்மை. மூட்டம் வெட்டவெளியில் அமைவதால் அதிலிருந்து எழும் புகையும் வாயுக்களும் காற்றோடு கலந்து பரவிவிடுகின்றன. மனிதர் உறங்கும் மூடிய அறைக்குள் நெருப்பு இவ்வாறு காற்றின்றித் திணறினால் நிகழ்வது என்ன என்பதே இங்கு எண்ணத்தக்கது.

நெருப்பின் இரு வழிகள்

விறகு, கரி, மண்ணெண்ணெய், எரிவாயு ஆகிய எரிபொருள்கள் அனைத்திலும் கார்பன் உள்ளது. எரியும்போது அது காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்கிறது. ஆக்சிஜன் போதிய அளவில் கிடைத்தால் கார்பன் டைஆக்சைடு உண்டாகிறது. இது முழுமையான எரிதல். ஆக்சிஜன் போதாதபோது கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. இது குறை எரிதல். கரியின் தணல் காற்றோட்டமுள்ள இடத்திலும் இவ்வாயுவை மிகுதியாக வெளியிடும். தணலில் புகை தெரிவதில்லை. ஆகவே தீங்கில்லை என்று கருதுவது பெரும்பிழை.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. வீட்டில் பயன்படும் சமையல் எரிவாயுவுக்கும் இயல்பில் மணமில்லை. கசிவை உணர்த்துவதற்காகவே எத்தில் மெர்காப்டன் என்னும் நெடிமிக்க பொருளை அதனுடன் கலக்கின்றனர். இதனால், தீங்கு நேரும்முன் மூக்கு எச்சரித்துவிடும் என்னும் நம்பிக்கை மக்களிடம் வேரூன்றியுள்ளது. ஆனால், எரியாத வாயு கசிந்தால் நெடி வீசும். எரிதலில் பிறக்கும் நஞ்சு நெடி வீசாது.

குளிர்நாட்டுக் கணப்பு

நம் நாட்டுச் சமையல் எரிவாயு, பியூட்டேனும் புரோப்பேனும் கலந்த கலவை. பியூட்டேன் ஏறத்தாழ 0 பாகை செல்சியசிலேயே நீர்மமாகத் தங்கிவிடும். புரோப்பேனோ −42 பாகை வரை வாயுவாக மாறவல்லது. ஆதலால், குளிர்நாடுகளில் சிறு உருளைகளில் அடைத்த புரோப்பேனைக் கொண்டு இயங்கும் கையடக்கக் கணப்புகள் மிகுதியாகப் பயன்படுகின்றன. மின்சாரம் இன்றியே வெப்பம் தருவதால், மின்தடையின்போது மக்கள் இவற்றை நாடுகின்றனர்.

ஈழத் தமிழர் பெருமளவில் வாழும் கனடாவின் டொராண்டோ நகரில் 2013 டிசம்பர் 21, 22 ஆகிய நாள்களில் பனிக்கட்டிப் புயல் வீசியது. மரக்கிளைகளிலும் மின்கம்பிகளிலும் பனிக்கட்டி படிந்து, அவை பாரம் தாங்காமல் முறிந்தன. அந்நகரில் மட்டும் ஏறத்தாழ 3,00,000 மின்னிணைப்புகள் செயலிழந்தன. கிறித்துமசு நாளிலும் பல வீடுகளில் மின்சாரம் திரும்பவில்லை. அத்தகைய கடுங்குளிரில் கதவு, சன்னல்களை இறுக மூடி, கிடைத்த அடுப்பை மூட்டிக்கொள்ளத் தூண்டுவது மனித இயல்பு. கரியடுப்புகளையும் மின்னாக்கிகளையும் வீட்டினுள் பயன்படுத்த வேண்டாமென்று தீயணைப்புத் துறையினர் மீண்டும் மீண்டும் எச்சரித்தனர்.

வீட்டினுள் பயன்படுத்துவதற்கென்றே உருவாக்கப்பட்ட புரோப்பேன் கணப்புகளும் உள்ளன. அவற்றுள் பலவற்றில் ஆக்சிஜன் குறைவை உணரும் கருவி பொருத்தப்பட்டிருக்கும். காற்றில் இயல்பாக 21 விழுக்காடு உள்ள ஆக்சிஜன் ஏறத்தாழ 18 விழுக்காடாகக் குறைந்தால், அக்கருவி சுடரை அணைத்துவிடும். ஆயினும் அது கார்பன் மோனாக்சைடை அளப்பதில்லை. எனவே, அக்கருவியை மட்டும் நம்பிச் சன்னல்களை அடைத்துவிடுதல் கூடாது.

உடலினுள் நிகழ்வது

குருதியின் சிவப்பணுக்களிலுள்ள ஹீமோகுளோபின், நுரையீரலில் ஆக்சிஜனைப் பெற்று உடலெங்கும் சேர்க்கிறது. கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் வலிமையாக ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். அதனால் மூச்சு இயங்கிக்கொண்டிருந்தாலும் மூளைக்கும் இதயத்திற்கும் ஆக்சிஜன் சென்று சேர்வதில்லை.

தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், சோர்வு ஆகியன முதல் அறிகுறிகள். பயணக் களைப்பென்றோ உணவு ஒவ்வாமையென்றோ எண்ணிப் படுத்துவிடுவோர் பின்னர் எழ இயலாமல் போகின்றனர். உறக்கத்தில் இருப்போர்க்கு இவ்வறிகுறிகளும் புலப்படுவதில்லை. விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவியும் கார்பன் மோனாக்சைடு பற்றிய ஹீமோகுளோபினைப் பிரித்தறியாது. ஆதலின் இயல்பான அளவையே காட்டி ஏமாற்றக்கூடும்.

தெரியுமா?
நிலக்கரிச் சுரங்கங்களில் கார்பன் மோனாக்சைடை அறிவதற்குக் கேனரி என்னும் சிறு பறவையைக் கூண்டில் வைத்து எடுத்துச் சென்றனர். 1890களில் இம்முறையைப் பரிந்துரைத்தவர் ஜான் ஸ்காட் ஹால்டேன் என்னும் அறிவியலாளர். மனிதரைவிட விரைவாகப் பறவை சோர்ந்துவிடும். அதனைக் கண்டவுடன் தொழிலாளர் வெளியேறுவர். பிரித்தானியாவில் 1986இல்தான் பறவைகளுக்கு மாற்றாக மின்னணுக் கருவிகளைக் கொண்டுவர முடிவு செய்யப்பட்டது.

இரு நிகழ்வுகள்

2020 சனவரியில் கேரளத்திலிருந்து நேபாளத்திற்குச் சுற்றுலா சென்ற குழுவினர், உயர்ந்த மலைப்பகுதியான தாமனில் இரவு தங்கினர். கடுங்குளிரைப் போக்க அறையில் எரிவாயுக் கணப்பை மூட்டினர். கதவும் சன்னல்களும் உள்ளே தாழிடப்பட்டிருந்தன. ஒரே அறையில் உறங்கிய எண்மரும் உயிரிழந்தனர். அவர்களுள் நால்வர் குழந்தைகள்.

2024 ஆகஸ்டில் கொடைக்கானலுக்குச் சென்ற திருச்சி இளைஞர்கள் இருவர், இறைச்சி சுடப் பயன்படுத்திய கரியடுப்பை அறைக்குள் வைத்துக்கொண்டு உறங்கி இறந்தனர். பனிநாட்டில் மட்டுமே இத்தீங்கு நேரும் என்பதில்லை. சமவெளியிலிருந்து சென்று, ஓரிரவு குளிரைத் தாங்க இயலாமல் அறையை அடைத்துக்கொள்வோர்க்கும் இது நேரும். வெயில் நிலத்தில் வளர்ந்தோர்க்குக் கணப்பு பழக்கமற்ற பொருள். ஆகவே அதன் தீங்கும் பழக்கமற்றதாகிவிடுகிறது.

காத்துக்கொள்ளும் வழிகள்

கரியடுப்பையும் தணல் நிறைந்த சட்டியையும் எக்காரணத்தாலும் அறைக்குள் வைத்தல் கூடாது. திறந்தவெளிக்கென உருவாக்கிய கணப்புகளை வீட்டினுள் மூட்டுதல் கூடாது. வீட்டினுள் பயன்படுத்தத்தக்க கணப்பாயினும், சன்னலைச் சிறிது திறந்து வைத்தல் வேண்டும். துணி, படுக்கை முதலியவற்றிலிருந்து அதனை விலக்கி வைத்தல் வேண்டும். உறங்கச் செல்லும்முன் அணைத்துவிடுதல் வேண்டும். குளிரை உடையாலும் போர்வையாலும் தாங்க இயலும். நச்சுக்காற்றை அவ்வாறு தாங்க இயலாது.

குளிரே இல்லாத ஊர்களிலும் இவ்விதி பொருந்தும். புயலுக்குப் பின் மின்சாரம் தடைப்படும் நாள்களில் இயக்கப்படும் மின்னாக்கியும் இவ்வாயுவை வெளியிடும். அதனை வீட்டினுள்ளும் சன்னலோரத்திலும் வைக்காமல், தொலைவில் திறந்தவெளியில் வைத்தே இயக்குதல் வேண்டும்.

கார்பன் மோனாக்சைடை உணர்ந்து ஒலியெழுப்பும் கருவிகள் இன்று கிடைக்கின்றன. டொராண்டோ அமைந்துள்ள ஒன்ராறியோ மாகாணத்தில், எரிபொருள் சாதனங்கள் உள்ள வீடுகளில் இக்கருவியைப் பொருத்துவது 2014 முதல் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. குளிர்நாட்டில் குடியேறுவோர் தம் உறைவிடத்தில் அக்கருவி உள்ளதா, இயங்குகிறதா என்று முதல் நாளே அறிந்துகொள்ளுதல் நன்று.

அறையில் ஒருவர் மயங்கிக் கிடப்பதைக் கண்டால், ஓடிச்சென்று அருகில் அமர்ந்து எழுப்ப முயல்வோரும் மயங்கி விழக்கூடும். முதலில் கதவு, சன்னல்களைத் திறக்க வேண்டும். இயன்றால் நெருப்பை அணைத்து, மயங்கியவரைத் தாமதமின்றி வெளிக்காற்றுக்குக் கொண்டுவர வேண்டும். தமிழ்நாட்டில் 108 என்னும் எண்ணை அழைத்து மருத்துவ உதவி பெற வேண்டும். தூய ஆக்சிஜன் அளித்தால், குருதியில் கலந்த நஞ்சு விரைந்து நீங்கும்.

கரிசல்காட்டு மூட்டக்காரர் காற்றைத் தடுப்பது விறகைக் கரியாக்குவதற்காக. உறங்கும் அறையில் காற்றைத் தடுப்போர் தம்மையறியாமல் அதே மூட்டத்தினுள் தாமே நுழைந்துவிடுகின்றனர். நெருப்பு எரியும் இடத்தில் காற்று வந்துபோக வழி இருத்தல் வேண்டும் என்னும் எளிய அறிவு, ஊரைவிட்டுச் செல்லும் ஒவ்வோர் இளைஞரும் தம்முடன் எடுத்துச் செல்லவேண்டிய முதற்பொருளாகும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் எரிபொருளைப் பயன்படுத்தும் தொழில்களையும், அவ்விடங்களில் காற்றோட்டம் அமைந்துள்ள முறையையும் கண்டறிந்து எழுதுக.
2. மலைவாழிடத்திற்குச் சுற்றுலா செல்லவிருக்கும் நண்பருக்கு, தங்கும் அறையில் கடைப்பிடிக்க வேண்டிய பாதுகாப்பு முறைகளை விளக்கிக் கடிதம் எழுதுக.