காற்றில் போன பாட்டு

சேத்தியாத்தோப்பு பக்கம் கரும்பு வண்டிக்குப் பின்னால ஊர்ந்துக்கிட்டே ரேடியோ கேக்குறவங்களுக்கும் சேர்த்து ஒரு கேள்வி. வானொலியில பாடின பாட்டு, பாடி முடிச்சதும் எங்க போகுது?

அந்தக் காலத்துல பல பாட்டு காத்தோட போயிடும்! டேப் விலை அதிகம். ஒலிபரப்பு முடிஞ்சதும் அதை அழிச்சிட்டு, அதுலயே அடுத்த நிகழ்ச்சியைப் பதிவாங்க. உலகப் புகழ் பீட்டில்ஸ் குழுவுக்கே இந்தக் கதிதான். 1960-கள்ல பிபிசி வானொலிக்காக அவங்க பாடினதுல பெரும்பகுதி நிலையத்துல மிஞ்சலை. கைகொடுத்தது யாரு தெரியுமா? வீட்டுல ரேடியோ பக்கத்துல டேப் ரெக்கார்டரை வச்சுப் பதிஞ்ச ரசிகர்கள்! 1994-ல 'லைவ் அட் த பிபிசி' ஆல்பம் வந்தப்போ, அப்படிக் கிடைச்ச பாட்டும் அதுல சேர்ந்துச்சு.

நம்ம ஊர் மட்டும் என்ன? திருச்சி, சென்னை வானொலிக் கச்சேரிகளை வீட்டுலயே பதிஞ்சு வச்ச ரசிகர்கள் ஏராளம். சிவப்புப் பொத்தானை அழுத்திட்டு, "யாரும் மூச்சு விடக்கூடாது"ன்னு தாத்தா முறைப்பார். அப்படியும் ஆலாபனை நடுவுல அடுப்படியிலிருந்து குக்கர் விசில் வந்துடும். என்னைக் கேட்டா, அந்த விசிலும் கச்சேரியில சேர்த்திதான்!

ஆகாஷ்வாணியும் தன்கிட்ட இருக்கிற பழைய பதிவுகளை ஆல்பமா வெளியிட்டிருக்கு. உங்க வீட்டுப் பரண்ல பழைய கேசட் ஏதாவது கிடக்கா? பழைய பேப்பர்காரர்கிட்ட போடுறதுக்கு முன்னாடி, ஒரு தடவை ஓடவிட்டுக் கேட்டுடுங்க!