பத்து மில்லிமீட்டர் படை

ஐரோப்பியப் பழங்கதைகளில் உலவும் 'எல்ஃப்' என்னும் மாய இனத்தாரின் படைவீரன் இவன். உயரம் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர்தான்! இங்கிலாந்தின் கேம்ஸ் ஒர்க்ஷாப் நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'வார்மாஸ்டர்' என்னும் மேசைப் போர் விளையாட்டுக்காக, உலோகத்தில் வரிசையாக வார்க்கப்பட்டவர்களில் ஒருவன்.

வண்ணம் தீட்டுவோர் இவனுக்குக் கண் வரைவதில்லை. வரைந்தால் முகமே கறையாகிவிடும். சிறிய உருவில் நிறங்கள் இருண்டு தோன்றுமாதலால், சற்று வெளிறிய வண்ணமே பூசுவர். பள்ளங்களில் நீர்த்த கருஞ்சாயத்தை ஓடவிட்டு, காய்ந்தபின், உலர்ந்த தூரிகையால் மேடுகளை மட்டும் தடவுவர். பொறுமையைச் சோதிக்கும் வேலைதான். 40 மில்லிமீட்டர் நீளத் தட்டுகள் மூன்றில் ஒட்டி அணியாக நிறுத்தும்போதோ, தனி வீரன் மறைந்து படை தெரிகிறது.

அவ்வுருவங்களின் தயாரிப்பு நின்று ஆண்டுகள் பல ஆயின. படையை முழுமையாக்க விழைவோர், பிறர் கைவிட்டவற்றை விலைக்கு வாங்கி, பழைய வண்ணத்தைக் கரைத்தெடுத்து, மீண்டும் முதலிலிருந்து தொடங்குகின்றனர்.