இடிபாடுகளின் மேல் ஒரு தோட்டம்

1991ஆம் ஆண்டு சோவியத் ஒன்றியம் கலைந்தபோது, அதன் அதிர்ச்சி கடல்கடந்த கியூபாவின் அடுக்களைகளில் உணரப்பட்டது. சர்க்கரையை விற்று எண்ணெய், உரம், பூச்சிக்கொல்லி, தானியம் ஆகியவற்றைப் பெற்றுவந்த தீவு அது. சோவியத் நாட்டுச் சரக்குகளின் வரத்து அற்றுப்போகவே, டீசலின்றி டிராக்டர்கள் நின்றன. ஏர்களில் எருதுகள் மீண்டும் பூட்டப்பட்டன. சிற்றூர்களில் விளைந்ததை நகருக்குக் கொண்டுவரவும் எரிபொருள் இல்லை. 1992-93ஆம் ஆண்டுகளில் 50,000க்கும் மேற்பட்டோர் பார்வை நரம்போ கைகால் நரம்புகளோ பழுதுற்று வருந்தினர். உணவில் பி வகை உயிர்ச்சத்துகள் குறைந்தமை இதற்கு முதன்மைக் காரணமாகக் கருதப்பட்டது.

விளைச்சல் நகருக்கு வர இயலாதபோது, நகருக்குள்ளேயே விளைவிக்க வேண்டியதாயிற்று. தலைநகர் ஹவானாவில் வெற்றிடங்களுக்குக் குறைவில்லை. ஆனால், கட்டட இடிபாடுகளும் இறுகிய தரையுமாகக் கிடந்த அவ்விடங்களில் வேர் இறங்காது. எனவே, தரைக்கு மேலே பாத்திகள் எழுப்பப்பட்டன. உடைந்த ஓடு, பழைய செங்கல், கான்கிரீட் பலகை என அகப்பட்டவையெல்லாம் அவற்றின் கரைகளாயின. ஆஸ்பெஸ்டாஸ் தகடுகளும் பயன்பட்டதுண்டு. உடையும்போது நுரையீரலைக் கெடுக்கும் நுண்ணிழைகளை உதிர்க்கும் அப்பொருளைத் தவிர்ப்பதே நன்று. இத்தோட்டங்கள் 'ஆர்கனோபோனிகோ' எனப்பட்டன. மண்ணின்றி ஊட்டக்கரைசலில் பயிர் வளர்த்த பழைய தொட்டிகளும், கரைசல் கிட்டாமற்போனபின் மட்கு நிரப்பப்பட்டு இவ்வகைப் பாத்திகளாக மாறின.

கரை கட்டுவது எளிது. உள்ளே இடும் மண்ணை உருவாக்குவதே அரிது. சாணம், பயிர்க்கழிவு, கரும்பாலைக் கழிவு ஆகியவற்றை மட்கச்செய்து மண்ணுடன் கலந்தனர். மண்புழு உரமும் சேர்ந்தது. பாத்தியின் அகலம் ஏறத்தாழ ஒரு மீட்டர். இருபுறமும் நின்று கைநீட்டினால் நடுப்பகுதி எட்ட வேண்டும் என்பதே அவ்வளவின் கணக்கு. உள்ளே கால் படாமையால் மண் இறுகுவதில்லை. பெருமழை நீரும் தேங்காது வடிகிறது. அதே காரணத்தால் பாத்தி விரைவில் உலரும். மட்கு சிதைய மண்ணின் மட்டமும் தாழும். ஆதலால், நாளும் நீரும் அறுவடைதோறும் புதிய மட்கும் தேவைப்பட்டன. பூச்சிகளைத் தடுக்க, நம் நாட்டவர் நன்கறிந்த வேம்பு அங்கும் பயன்பட்டது.

1997இல் ஹவானாவின் கிழக்கே அலமார் பகுதியில் ஒரு சிலர் தொடங்கிய தோட்டம், பின்னர்ப் பத்து ஹெக்டேர் அளவுக்கு விரிந்தது. காலையில் பறித்த கீரையும் முள்ளங்கியும் தோட்டத்து வாயிலிலேயே விற்கப்பட்டன. அரிசியும் கோதுமையும் அப்பாத்திகளில் விளைபவை அல்ல. அவற்றின் பெரும்பகுதிக்குக் கியூபா பின்னரும் கப்பல்களையே நம்பியிருந்தது.