அலுவலகத்துக்குள் அடைபட்ட வரைபடம்

மிதிவெடி அகற்றிய காணிகளைக் காட்டும் வரைபடமொன்றை வடக்கில் ஓர் அலுவலகத்தில் பார்த்தேன். வீட்டுக்கு வந்து அதே முகவரியைத் தட்டினால் திறக்கவில்லை. 192.168 எனத் தொடங்கும் முகவரிகள் உள்வலையமைப்புகளுக்கென்றே ஒதுக்கப்பட்டவை. இணையத்தில் அவற்றுக்குப் பாதையில்லை.

அதற்காக வரைபடக் கணினியை நேரே இணையத்தில் விடுவது ஆபத்து. நடுவில் ‘ரிவர்ஸ் புரொக்சி’ என்ற வாயிற்காவல் கணினியை வைத்து, எச்.டி.டி.பி.எஸ். வழியாக வரும் வரைபடக் கோரிக்கைகளை மட்டும் உள்ளே விடலாம். ஜியோசேர்வர் பாவிப்பவர்கள் ‘புரொக்சி பேஸ் யூ.ஆர்.எல்.’ என்ற இடத்தில் வெளிமுகவரியைக் கொடுக்கவேண்டும். பலர் மறப்பது இதைத்தான். மறந்தால் அது உள்முகவரியையே வெளியாருக்கும் சொல்லிக்கொண்டிருக்கும், படம் வராது.

காணிக்காரரின் பெயர், உறுதி இலக்கம் உள்ள படலங்கள் பூட்டியே இருக்கட்டும். அபாய எல்லையும் அது கடைசியாகத் திருத்தப்பட்ட திகதியும் எல்லாருக்கும் தெரியவேண்டும். வரைபடம் என்ன நிறம் காட்டினாலும், காணியில் சிவப்பு மிதிவெடிப் பலகை நின்றால் உள்ளே கால்வைக்காதீர்கள்.